நாற்பது பேர் எடுக்காத போன்

பினாங்கில் பேசப் போகிறேன் என்பதை நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. மாடி வீட்டு அம்மாள், பால்காரர், ஆர்.எஸ்.மங்கலத்துப் பெரியப்பா மகன் என்று ஒருவரையும் விடவில்லை. "கம்ப்யூட்டரையும் செல்போனையும் சாதாரண மனுஷங்க சிரமமில்லாம பயன்படுத்துற மாதிரி வடிவமைக்கிறவங்க, ஆசியாவுல இருந்து எல்லாரும் கூடுற மாநாடு" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகி வைத்திருந்தேன். பல் டாக்டரிடம் மட்டும், அவர் வாயில் கருவியை வைத்துவிட்டதால், பாதியோடு நின்றுபோனது.

பெருமைக்குக் காரணம் இருந்தது. சென்னையில் பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பாம்பனுக்குப் பக்கத்தில் சின்னப்பாலத்தில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் நாற்பத்தொரு பேருக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். தினமும் காலை ஐந்தரை மணிக்கு அவர்கள் போன் அடிக்கும். எடுத்தால், காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு என்று பதிவு செய்த குரல் சொல்லும். மேற்கொண்டு தெரிய வேண்டுமென்றால் ஒன்றை அழுத்தலாம், இரண்டை அழுத்தலாம். அதை வடிவமைத்தது நான். "அது எங்க மாவட்டம், அந்தச் சனங்களை எனக்குத் தெரியும்" என்று சொல்லித்தான் அந்த வேலையையே கேட்டு வாங்கினேன்.

எங்கள் ஊர் கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது, மிளகாயும் நெல்லும் விளைகிற ஊர், என்னைப் பெற்ற அய்யா ஆயுசு முழுக்க வானத்தைப் பார்த்தவரே தவிர அலையைப் பார்த்தவர் இல்லை என்பதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

2009இல், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில், புறப்பட நான்கு நாள் இருக்கும்போது என் மேலதிகாரி ரகு ஒரு தாளை மேஜையில் போட்டார். பேச்சுக்குப் படம் போட வேண்டுமே என்று அன்றைக்குத்தான் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தொரு போனில் தினமும் எடுக்கப்படுவது ஒன்றே ஒன்று. மற்ற நாற்பதும் மூன்று மாதமாக அடித்து அடித்து ஓய்ந்திருக்கின்றன.

"உங்க ஊர்க்காரங்க போனையே எடுக்க மாட்டாங்களாம்மா?" என்றார். அறைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபம் என்பதுதான் தெரியவில்லை.

ரகு சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்ததைச் சொன்னார். இந்த வேலைக்கு உதவி செய்யும் அறக்கட்டளையின் அதிகாரியும் பினாங்குக்கு வருகிறார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, காலை அழைப்பைத் தொடரலாமா, மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாமா என்று முடிவு செய்வார். "வேணும்னா உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம். யோசிங்க" என்றார். நான் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலமே பாம்பனுக்குக் கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம், பாம்பன் பாலத்தின் நட்ட நடுவில் பஸ் நின்றுபோனது. டிரைவர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்து, திரும்ப மூடி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். வடக்கே இருந்து ராமேசுவரம் கோயிலுக்கு வந்த கூட்டத்துக்குக் கொண்டாட்டம்; குடும்பம் குடும்பமாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள். கண்டக்டர் கொஞ்சம்கூட அசரவில்லை. "எறங்கி நல்லாப் பாருங்க சாமி. நீங்க கெஞ்சிக் கேட்டாலும் இங்கன நாங்க நிறுத்த மாட்டோம். இன்னைக்கு அதுவா நின்னிருக்கு" என்றார்.

காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. இடது பக்கம் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. வலது பக்கம் நுரை கக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற பெண்ணிடம், ஒரே பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்கிட்டு பொம்பளக் கடலு. அங்கிட்டு ஆம்பளக் கடலு. கச்சான் மாசத்துல ஆம்பளக் கடல நம்பப்படாது. நீங்க எந்தூரு?"

"ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்."

"அதான்" என்றாள். அந்த ஒரு வார்த்தை ரகுவின் தாளைவிட அதிகமாகச் சுட்டது. எங்கள் பதிவுக் குரல் 'தென் கடற்பகுதியில் காற்றின் வேகம்' என்று தொடங்கும். அதை எழுதிக் கொடுத்தது நான்தான்.

சின்னப்பாலத்தில் நான் தங்கியது பஞ்சவர்ணம் அக்கா வீட்டில். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தினமும் எடுக்கப்படும் அந்த ஒரே போன் அவருடையதுதான். பாசி எடுக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. தேர்தல் எதுவும் நடக்கவில்லை, எல்லாரும் அவர் சொல்வதைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காரல் மீன் தண்ணிக் குழம்பு. முள்ளெடுக்கத் தெரியாமல் நான் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, தட்டை வாங்கி அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஏன்க்கா ஒருத்தரும் போனை எடுக்கறதில்ல?" என்று கேட்டேன்.

"காலைல பாரு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவர் வாசலில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது வெறும் விரலென்றால் கிழிந்துவிடும். பழைய சேலையைக் கிழித்து, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போடுகிறார்கள். போனைப் பாலிதீன் பைக்குள் போட்டு ரப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் பயிற்சி கொடுக்க வந்தபோது, நான் ஒரு கல்யாண மண்டபத்தில் விரித்த ஜமுக்காளத்தில் இவர்களை உட்காரவைத்து, ஒன்றை அழுத்துங்கள் இரண்டை அழுத்துங்கள் என்று சொல்லிக் கொடுத்தபோது எல்லாருடைய விரலும் வெறும் விரலாக, காய்ந்து, சுத்தமாக இருந்தது. அதை அப்போது கவனித்திருக்க வேண்டும். மத்தியானம் போட்ட பிரியாணி நன்றாக இருந்ததா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. அக்கா விரல் முட்டியால் பொத்தானை அமுக்கி, பையோடு சேர்த்துக் காதில் வைத்தார். அதே நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலும் போன்கள் அடித்தன. ஒருவரும் எடுக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து "ஏலே எந்திரிடா, ரேடியோக்காரி கூப்பிட்டாச்சு" என்று ஒரு குரல் கேட்டது. என் அழைப்பு அந்தத் தெருவுக்குக் கடிகாரமாகிவிட்டிருந்தது.

அக்கா முழுவதும் கேட்டார். "சரித்தா, நீ சொல்லிட்ட" என்று பதிவுக் குரலுக்கே பதில் சொல்லிவிட்டு, கரைக்குப் போனார். பின்னாலேயே போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, கொஞ்ச நேரம் சும்மா நின்றார். காலில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு கை தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பி வந்து போனை எடுத்தார். ஒரு எண்ணுக்கு அடித்து, அந்தப் பக்கம் ஒரு தடவை மணி ஒலித்ததும் வைத்துவிட்டார். அடுத்த எண். அடுத்தது. மொத்தம் ஐந்து பேர்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றை மணி கேட்க ஆரம்பித்தது. ஒரு வீட்டில் அடித்து நிற்கும். அடுத்த நிமிஷம் இரண்டு வீடு தள்ளி அடித்து நிற்கும். நான் தெருவின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஒத்த மணின்னா போகலாம். அடுத்தடுத்து ரெண்டு தரம் அடிச்சா இன்னைக்கு வேணாம்" என்றார் அக்கா. "நான் அஞ்சு பேருக்கு அடிப்பேன். அவளுக ஆளுக்கு ஏழு பேருக்கு அடிப்பாளுக. ஆறு மணிக்குள்ள அம்புட்டுப் பேருக்கும் சேதி போயிரும். யாரும் எடுக்க வேணாம், காசும் இல்ல. தண்ணிக் கையோட பைய அவுக்கவும் வேணாம்."

"அப்ப அந்தக் குரலை அவங்க கேக்கவே வேணாமா?"

"கேட்டு? அந்தப் புள்ள காத்து இம்புட்டு வேகம்னு சொல்லுது. நல்லாத்தான் சொல்லுது. ஆனா அது தண்ணிக்குள்ள நிக்கலைல? அது சொல்றதையும் கேட்டு, தண்ணியையும் பாத்து, ஒரு ஆளு சொன்னாத்தான் நம்பி எறங்குவாளுக. போன வருசம் இந்த அழைப்பெல்லாம் இல்ல. தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, எறங்குனோம். எறங்குன பின்னால காத்து திரும்பிருச்சு. எங்க கொழுந்தியா மாரி பாறைல அடிபட்டு நாலு மாசம் படுத்துக் கெடந்தா. இப்ப காத்து திரும்பும்னா அந்தப் புள்ள முன்னாடியே சொல்லிருது. அது வேணும்த்தா. அத நிறுத்திராத."

"இதை ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. எல்லாரும் எடுக்கணும், எடுக்கணும்னே சொன்ன. பிரியாணியெல்லாம் போட்டு மெனக்கெட்டுச் சொல்லித் தார. மொகத்துக்கு நேரா மாட்டோம்னு சொன்னா வருத்தப்படுவைல?"

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வெட்கமாக இருந்தது. கடல் மேலே பொழுது கிளம்பி வரும்போது வெட்கம் போய் வேறொன்று வந்துவிட்டது. இந்தப் பெண்கள் என் வேலையை எடுத்து, வேண்டாததைத் தள்ளிவிட்டு, எனக்குத் தோன்றாத ஒன்றை அதன்மேல் கட்டியிருக்கிறார்கள்! இதைவிட நல்ல வடிவமைப்பை எந்த மாநாட்டில் யார் காட்டப் போகிறார்கள்? என் மாவட்டம் என்று நான் அடித்த தம்பட்டத்துக்கு முதல்முறையாக ஒரு அர்த்தம் வந்தது.

ஆனால் ஒரு சிக்கல். எடுக்காத மணி எங்கள் பதிவில் தோல்வி என்றுதான் விழும். அவர்களுக்குள் அடித்துக்கொள்வது எங்கள் பதிவில் வரவே வராது. அறக்கட்டளை அதிகாரி கேட்டால் காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

எனவே அக்காவிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை அங்கே காலை ஒன்பது மணிக்கு என் பேச்சு, இங்கே ஆறரை. எல்லாரும் கரையில் கூடியிருக்கும் நேரம். நான் மேடையிலிருந்து கூப்பிடுவேன், எடுத்து நாலு வார்த்தை பேச வேண்டும்.

"அத்தன பேரு முன்னாலயா? வெள்ளக்காரங்களும் இருப்பாகளா?"

"சில பேர் இருப்பாங்க. நீங்க தமிழ்லயே பேசுங்கக்கா, நான் சொல்லிக்கிறேன்."

"பாப்போம்" என்றார். எங்கள் மாவட்டத்தில் 'பாப்போம்' என்றால் பெரும்பாலும் மாட்டேன் என்று அர்த்தம். அது தெரிந்தும் நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பகல் முழுக்க வீடு வீடாகப் போய், நாற்பத்தொரு போனிலும் என் எண்ணைப் பதிந்து கொடுத்தேன். இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும். ஏதாவது அவசரமென்றால் கூப்பிடுங்கள் என்றேன். கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தார். விரலில் சுற்றும் துணி, பத்துத் துண்டு. "காட்டு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினேன். நான் பினாங்குக்குப் போனேன், என் பெட்டி வேறெங்கோ போனது. விமான நிலையத்தில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் பெட்டி நலமாக இருக்கிறது. ஆனால் இந்தோனேசியாவில் இருக்கிறது" என்று மலர்ந்த முகத்தோடு சொன்னாள். மேடைக்கென்று வாங்கிய பட்டுச் சேலை அதற்குள். கைப்பையில் மிஞ்சியது மடிக்கணினியும் அந்தத் துணிப் பொட்டலமும். கடைத்தெருவில் மலாய்ப் பெண்கள் போடும் நீளச் சட்டையும் பாவாடையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு வழியில் பார்த்தவரெல்லாம் என்னிடம் மலாயில் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டியதன் பலனாக ஒரு பேருந்தில் ஏறி, நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு மீன் சந்தையில் இறங்கினேன்.

அங்கே ஒரு சீன அம்மாள் கடையில் சாப்பிட உட்கார்ந்தேன். கிண்ணத்தில் வந்தது புளியும் மீனும் சேர்ந்த குழம்பு. எங்கள் ஊர் மீன் குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆனால் அதற்குள் இடியாப்பம் மாதிரி தடித்த நூடுல்ஸும் அன்னாசிப் பழமும் கிடந்தன. அன்னாசியை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். கடைக்கார அம்மாள் ஒதுக்கியதைப் பார்த்து, "அதுதான் ருசியே" என்று கையைக் காட்டி ஆங்கிலத்தில் அதட்டினார். அதையும் தின்றேன். அவர் சொன்னது சரி.

திங்கட்கிழமை மாநாடு தொடங்கியது. கண்ணாடிக் கட்டடம், உள்ளே குளிர். ஜப்பான், பிலிப்பைன்ஸ், வியட்நாம், சிங்கப்பூர் என்று கழுத்தில் அட்டை மாட்டிய முந்நூறு பேர். எல்லாரும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை, ஒரே மாதிரி கண்ணாடி. முதலில் பேசியவர் பொத்தானே இல்லாத செல்போனைக் காட்டினார். "விரல் நுனி பட்டால் போதும்" என்று திரையைத் தடவத் தடவ, படங்கள் வழுக்கிக்கொண்டு போயின. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். கைப்பையில் இருந்த துணிப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். துணி சுற்றிய விரலுக்கு அந்தக் கண்ணாடி என்ன செய்யும் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். பிறகு, நாளைக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தேநீர் நேரத்தில் அறக்கட்டளை அதிகாரியைப் பார்த்தேன். நீலச் சட்டை, மெல்லிய குரல், சிரிக்காத முகம். "உங்கள் பதிவுகளைப் படித்தேன். நாற்பத்தொன்றில் ஒன்று" என்று மட்டும் சொன்னார். நான் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மனசு சரியில்லாமல் நடந்தபோது ஒரு சோற்றுக்கடையிலிருந்து மீன் தலைக்குழம்பு வாசனை இழுத்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த பாய் என் உடையைப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார். "அண்ணே, எனக்குத் தமிழ்தான் வரும்" என்றேன்.

"அடடே! எந்த ஊரும்மா?"

"ராமநாதபுரம் ஜில்லா."

பாய் கல்லாவை விட்டே எழுந்துவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் அதே ஜில்லாவில் பனைக்குளம். பினாங்குக்கு வந்து முப்பது வருஷம். மனைவி மக்கள் எல்லாம் ஊரில். கேட்காமலே தட்டில் இரண்டு மீன் துண்டு கூடுதலாக வந்து விழுந்தது. என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். இதுவரை எல்லாருக்கும் ஒரே மூச்சில் சொன்னதை, அவருக்கு மட்டும் நிதானமாக, மணி அடிக்கிற கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

"இதுல என்னம்மா அதிசயம்?" என்றார் பாய். "தெனமும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பின்னால எங்க வீட்டம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். ஒரு தரம் அடிச்சா, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னு அர்த்தம். அவ திருப்பி ஒண்ணு அடிப்பா. அல்ஹம்துலில்லா, அன்னைக்குப் பொழுது முடிஞ்சுது. பேசுனாத்தான் சண்ட வரும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்தபோது பயம் பாதியாகக் குறைந்திருந்தது. "நாளைக்கு நல்லாப் பேசுவீங்க, இன்ஷா அல்லா" என்று வழியனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. மலாய்ச் சட்டையில் மேடை ஏறினேன். அமர்வை நடத்தியவள் மணிலாவைச் சேர்ந்த பெண். கையில் சிவப்பு அட்டை வைத்துக்கொண்டு, இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் தூக்கிக் காட்டுவேன் என்று சொல்லியிருந்தாள்.

முதல் படமாக ரகுவின் தாளையே போட்டேன். "இது என் தோல்வி" என்று தொடங்கினேன். பிறகு ஜமுக்காளம், பிரியாணி, ரேடியோக்காரி எல்லாவற்றையும் சொன்னேன். துணித் துண்டுகளை முன்வரிசையில் கொடுத்து விரலில் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். நேற்றுக் கண்ணாடிப் போனைக் காட்டியவர் சுற்றிய விரலால் தன் திரையைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அவரே முதலில் சிரித்தார். கடைசியாக அக்கா தண்ணீரில் நின்றதையும், ஒற்றை மணியையும், இரட்டை மணியையும் சொன்னேன். "நான் செய்தது ஒரு குரல். அதை நம்பலாமா என்று முடிவு செய்கிற இடத்தை அவர்கள் செய்திருக்கிறார்கள்" என்றேன்.

நீலச் சட்டைக்காரர் கை தூக்கினார். "நல்ல கதை. ஆனால் உங்கள் பதிவில் இது எதுவும் இல்லை. இப்படி நடக்கிறது என்பதை நான் எப்படி நம்புவது?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். போனை மேஜை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஒலியைக் கூட்டி, அக்காவின் எண்ணை அழுத்தினேன். அடித்தது. இரண்டு. மூன்று. நான்கு. அரங்கம் முழுக்க அந்தச் சத்தம். ஐந்தாவது மணியில் அந்தப் பக்கம் வெட்டிவிட்டார்கள்.

'பாப்போம்' என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூஞ்சியெல்லாம் சுட்டது. நீலச் சட்டைக்காரர் குனிந்து ஏதோ எழுதினார். மணிலாப் பெண் சிவப்பு அட்டையை மெல்ல எடுத்தாள். நன்றி சொல்லி இறங்கிவிடலாம் என்று போனை எடுக்கப் போனேன்.

போன் அடித்தது. ஒரே ஒரு தடவை. நின்றது.

திரையில் அக்காவின் எண். முன்வரிசையில், விரலில் துணியோடு உட்கார்ந்திருந்த வியட்நாம்காரப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "போகலாம் என்கிறார்."

கூட்டம் சிரிப்பதா தட்டுவதா என்று யோசிப்பதற்குள் மறுபடி ஒரு மணி. நின்றது. இது வேறு எண். பிறகு இன்னொன்று. இன்னொன்று. கரையில் கூடி நின்ற பெண்கள், துணி சுற்றிய விரலால் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. மூன்று மாதமாக ஒரு முறைகூட எடுக்காத போன்கள். யாரோ பின்வரிசையில் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். ஆறு, ஏழு, எட்டு. கொஞ்ச நேரத்தில் அரங்கமே எண்ணியது, அவரவர் மொழியில். மணிலாப் பெண் சிவப்பு அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தானும் எண்ணினாள். நான் மேடையில் நின்று அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மேடையில் இருந்தவரை வந்தது பத்தொன்பது. மீதி தேநீர் நேரத்தில் பைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. நீலச் சட்டைக்காரர் வந்து, "எத்தனை ஆயிற்று?" என்றார். முப்பத்தொன்பது என்றேன். "தொடரட்டும்" என்றார். அழைப்பைச் சொல்கிறாரா, மணியைச் சொல்கிறாரா என்று விழித்தேன். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "இரண்டும்" என்றார்.

அன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தார்.

"ஏன்க்கா வெட்டிட்டீங்க? உசுரே போயிருச்சு எனக்கு."

"அத்தன பேரு முன்னால நான் என்னத்தப் பேச? எனக்குத் தெரிஞ்சதத்தான செய்ய முடியும். எல்லாரையும் அடிக்கச் சொன்னேன். மாரி போனுல சார்ஜ் இல்ல, கோமதி போன் வீட்டுக்காரரோட கடலுக்குப் போயிருச்சு. அவளுக ரெண்டு பேருதான் பாக்கி. வந்ததா எல்லாம்?"

"வந்துச்சுக்கா."

"அப்பறம் என்ன" என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டும். விமானத்துக்கு நேரம் இருந்ததால், காலை எட்டு மணிக்கே கடற்கரைக்குப் போனேன். பினாங்குக் கடல் அன்று பச்சை நிறத்தில், குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. சின்னப் பிள்ளைகள் ரப்பர் வாத்தைப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கடலில் கழுத்தளவு இறங்கியதில்லை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாத ஆள் நான். இன்றைக்கு இறங்கியே தீருவது என்று செருப்பைக் கழற்றி, பாவாடையைத் தூக்கிச் செருகி, முழங்கால் வரைக்கும் போயும்விட்டேன்.

கரையில் வைத்திருந்த கைப்பைக்குள் போன் அடித்தது. ஒரு மணி, நின்றது. உடனே இன்னொரு மணி, நின்றது.

ஓடிவந்து எடுத்துப் பார்த்தேன். அக்காவின் எண். ஊரில் மணி ஐந்தே முக்கால். ரேடியோக்காரி சொன்னதைக் கேட்டு, தண்ணீரில் இறங்கி நின்று பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். செய்தவர், மற்ற ஐந்து பேரோடு ஆறாவதாக எனக்கும் அடித்திருக்கிறார்.

பாம்பன் காற்றுக்கும் இந்தக் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ரப்பர் வாத்துகூட நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது. இருந்தாலும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு, காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, கரையிலேயே உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் யாரும் அன்றைக்குக் கடலில் இறங்கவில்லை.